எழுபத்தைந்து மில்லிக்கு ஏகமனதாக

பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் சிரப் எழுபத்தைந்து மில்லி கொடுக்க வேண்டும் என்று எங்கள் செவிலியர் கல்லூரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஏகமனதாகக் கண்டுபிடித்தது. நூறு மில்லி பாட்டிலில் முக்கால் பாட்டில். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலே வராது என்பது உண்மைதான். வேறு எதுவும் வராது. நான் ஏழரை மில்லி என்றேன். அதனால் எனக்கு உணர்ச்சி நுண்ணறிவு இல்லை என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

எங்கள் ஊர் காலிங்காரா. வடக்கு குவீன்ஸ்லாந்தில் கரும்பும் கசாப்பு ஆலையும் புயலும் உள்ள எத்தனையோ ஊர்களில் ஒன்று. அப்பா அந்த ஆலையில் எலும்பு நீக்குகிற பிரிவில் இருக்கிறார். அம்மா கட்டடங்கள் சுத்தம் செய்கிறவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தது அவள்தான், தரை துடைக்க. இரண்டாவது நான்.

எங்கள் கல்லூரியில் பாடம் நடத்துவதை நிறுத்தி நான்கு வருடமாகிறது. நடத்தினால் மாணவர்களின் மனம் மந்தமாகிவிடும் என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். ஆகவே நாங்களே வீட்டில் படித்துக்கொண்டு வர வேண்டும். வந்ததும் தனித்தனியாக ஒரு பரீட்சை. முடிந்த கையோடு அதே கேள்விகளுக்குக் குழுவாக இன்னொரு பரீட்சை. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஏழு குழு. குழுவுக்கு ஒரு சுரண்டல் அட்டை தருவார்கள், லாட்டரிச் சீட்டு மாதிரி. ஆறு பேரும் பேசி, மனமொத்து, ஒரு விடைக்கு எதிரே உள்ள கட்டத்தை நகத்தால் சுரண்ட வேண்டும். விடை சரியென்றால் அடியில் நட்சத்திரம் தெரியும். தெரியாவிட்டால் மறுபடி பேசி, மறுபடி மனமொத்து, மறுபடி சுரண்ட வேண்டும். இதற்குக் குழுவழிக் கற்றல் என்று பெயர்.

முதல் வருடம் இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப வாத்தியாரம்மா என்ன பண்றாங்க?”

“சுத்திச் சுத்தி வந்து பாப்பாங்க.”

“எங்க ஆலையிலயும் ஒருத்தன் அப்படிச் சுத்துவான். அவன் கையில ஒருநாளும் கத்தியப் பாத்ததில்ல.”

அப்படிச் சுற்றுகிறவர் பேராசிரியர் ஃபிலிப்பா ஆஷ்கோம்ப். பேராசிரியர் என்று கூப்பிட்டால் அவருக்கு மனம் நோகும். அதிகாரம் கற்றலின் எதிரி. ஆகவே எல்லோரும் பிப் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவர்களுக்கு மதிப்பெண் குறையும்.

பிப்புக்குப் பாடம் இரண்டாம் பட்சம், உணர்ச்சிதான் முதல். ஒவ்வொரு வகுப்பும் வானிலை அறிக்கையோடு தொடங்கும். அவரவர் உள்மனதில் இன்று என்ன வானிலை என்று வட்டமாக நின்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் டெல்லா ஆன்டி எப்போதும் ‘புயல், இரண்டாம் நிலை’ என்பார். தர்ஸ்டே தீவிலிருந்து வந்தவர், ஐந்து பிள்ளை பெற்றவர், பதினைந்து வருடம் சுகாதார நிலையத்தில் உதவியாளராக இருந்துவிட்டு நாற்பத்தேழு வயதில் நர்ஸ் படிக்க வந்தவர். அவர் வயதுக்கு வகுப்பே அவரை ஆன்டி என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு பட்டத்தை மட்டும் பிப்பால் ஒழிக்க முடியவில்லை. அடுத்தது ஹேமிஷ் ப்ரெண்டிஸ், அறுவை மருத்துவர் வீட்டுப் பையன். அவன் மனதில் எந்நாளும் ‘மெல்லிய வெயில், கடலிலிருந்து இதமான காற்று’. மற்ற மூவரும் நல்ல பிள்ளைகள். ஹேமிஷுக்கு என்ன வானிலையோ அதுவே அவர்களுக்கும். நான் ஒருமுறை ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்றேன். அது வெளி வானிலை என்று பிப் குறித்துக்கொண்டார்.

இதற்குமேல் வருட ஆரம்பத்தில் நூற்றிருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. நம் உணர்ச்சி நுண்ணறிவு எவ்வளவு என்று நாமே நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘நான் பிறர் வலியை ஆழமாகப் புரிந்துகொள்கிறேன்: எப்போதும், அடிக்கடி, சில சமயம்.’ எனக்குப் புரிகிற வலியும் உண்டு, புரியாத வலியும் உண்டு, ஆகவே ‘சில சமயம்’ என்று எழுதினேன். நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. ஹேமிஷ் எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ என்று எழுதித் தொண்ணூற்றெட்டு வாங்கினான். அந்த இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, தன்னடக்கம் என்ற கேள்விக்கும் ‘எப்போதும்’ போட்டிருந்ததாகச் சொன்னான்.

இதையெல்லாம் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். காரணம் ஒன்றுதான். காலிங்காரா ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் கடைசிப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் உண்டு. அங்கே பயிற்சி முடிப்பவரைத்தான் வேலைக்கும் எடுப்பார்கள். வார்டு பொறுப்பாளர் சிஸ்டர் ரோமா கீனன் போன முறை என் வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் வா என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் வருடத்துக்கு மொத்தமே பத்து வரி பேசுகிறவர். அந்த இடம் என் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். இடையில் பிப்பின் பாடத்தில் தேறிவிட்டால் போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது நான்காம் கேள்வி. பன்னிரண்டு கிலோ குழந்தை, கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம், சிரப்பில் ஒரு மில்லிக்கு இருபத்துநான்கு மில்லிகிராம். எத்தனை மில்லி? முக்கால், ஏழரை, பதினைந்து, எழுபத்தைந்து.

தனிப் பரீட்சையில் ஏழரை என்று எழுதினேன். குழுப் பரீட்சையிலும் பேச்சே இல்லை, ஏழரையைச் சுரண்டினோம். நட்சத்திரம் இல்லை. டெல்லா ஆன்டி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினைந்தைச் சுரண்டினோம். இல்லை. முக்கால். இல்லை. கடைசியில் எழுபத்தைந்தின் அடியில் நட்சத்திரம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அதே நேரம் மற்ற ஆறு குழுக்களிலிருந்தும் கைதட்டல் கேட்டது.

அட்டை தப்பாக அச்சாகியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது புரியும். நான் கையைத் தூக்கினேன்.

பிப் என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். மேலேயிருந்து பேசுவது அதிகாரமாம். கணக்கைக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“டீகன், இந்த நிமிஷம் உனக்குள்ள ஏதோ நடக்குது. உடம்புல எந்த இடத்துல அதை உணர்றே?”

“கையில. கால்குலேட்டர் இருக்கிற கையில.”

அவர் பெருமூச்சு விட்டார். அட்டை தெற்கே தலைநகரத்திலிருந்து அச்சாகி வருகிறது என்றார். நம்மூரில் அதற்குமேல் பேச்சில்லை; தெற்கேயிருந்து வருவது தப்பாது. ஆட்சேபம் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் எழுத்தில் தரலாம், ஆனால் குழுவின் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும், கேள்வி தங்களை எப்படிப் பாதித்தது என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுத வேண்டும் என்றார். டெல்லா ஆன்டி உடனே எழுதினார்: ‘பயமாக இருக்கிறது, ஐந்து பிள்ளை பெற்றவள் சொல்கிறேன்.’

ஹேமிஷ் மட்டும் சம்மதிக்கவில்லை. அவன் தனிப் பரீட்சையில் கட்டம் மாறி எழுபத்தைந்தை நிரப்பியிருந்தான். வகுப்பிலேயே ‘சரியான’ விடை எழுதியவன் அவன் ஒருவன்தான். எப்படித் தெரிந்தது என்று பிப் கேட்டபோது, கணக்குப் போடவில்லை, மனதுக்குத் தோன்றியது என்றான். பிப்பின் கண் கலங்கிவிட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் கணினி ஒரு வரைபடத்தைத் துப்பியது. தனிப் பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர்கள் இரண்டு சதவீதம். குழுப் பரீட்சைக்குப் பிறகு நூறு சதவீதம். இருபதே நிமிடத்தில் இரண்டிலிருந்து நூறு. இப்படியொரு கற்றல் வளர்ச்சி உலகத்தில் எங்குமே பதிவானதில்லை என்று பிப் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மாநாட்டுக்குக் கட்டுரையும் அன்றைக்கே போனது. அதன் பிறகு ஏழரை என்பது தப்பான விடை மட்டுமல்ல, கல்லூரிக்குச் செய்கிற துரோகம்.

புதன்கிழமை சக மதிப்பீடு. குழுவில் ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண் போடக் கூடாது, யாருக்காவது குறைத்தே ஆகவேண்டும் என்பது ஒற்றுமையை வளர்க்கிற விதி. டெல்லா ஆன்டி எனக்குப் பத்து போட்டார். ஹேமிஷ் மூன்று போட்டான். நல்ல பிள்ளைகள் மூவரும் எட்டிப் பார்த்து மூன்று போட்டார்கள். கீழே ஹேமிஷ் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: ‘டீகனின் கணக்கு அருமை. ஆனால் அதில் மற்றவர்களுக்கு இடமில்லை.’

சராசரி ஐந்துக்குக் கீழே. பாடத்தில் தவறினேன். வார்டும் போச்சு. மேல்முறையீடு செய்தேன்.

வியாழக்கிழமை ஆட்சேபக் குழு கூடியது. கல்லூரித் தலைவர் ரஸ்ஸல், பிப், மருந்தியல் பேராசிரியர் வார்விக், இன்னும் இருவர். ரஸ்ஸல் நல்லபடியாகவே பேசினார். தான் சொல்வதைத்தான் செய்கிறவன் என்றும், கல்லூரியின் எல்லாக் கூட்டங்களும் இப்போது குழுவழிக் கற்றல் முறையிலேயே நடப்பதாகவும் சொன்னார். பிறகு ஐந்து பேருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்து நான்காம் கேள்விக்குத் தனித்தனியாக விடை எழுதச் சொன்னார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. ஐந்து தாளிலும் ஏழரை. பிப்பின் தாளிலும் ஏழரை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடம் இருந்த வார்விக் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். ஆட்சேபம் ஜெயித்தது என்று நினைத்து, வெட்கக்கேடாக, எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்புறம் அட்டையை எடுத்தார்கள். ரஸ்ஸலுக்கு நகம் இல்லாததால் காசால் சுரண்டினார். ஏழரை, இல்லை. ஐந்து பேரும் குனிந்து பேசினார்கள். முக்கால், இல்லை. பதினைந்து, இல்லை. எழுபத்தைந்து. நட்சத்திரம். கைதட்டினார்கள். ஐந்து பேராசிரியர்கள் எட்டு நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள்.

“நீங்க ஏழரைன்னுதானே எழுதினீங்க?” என்று வார்விக்கைக் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “தனியாளா கேட்டா ஏழரைதாம்மா. குழுவுல ஒருத்தனா கேட்டா, குழு எங்க நிக்குதோ அங்கதான் நானும்.”

ரஸ்ஸல் என் பக்கம் சாய்ந்தார். “டீகன், ஒரு விடை சரியா தப்பாங்கிறது அந்தக் காலத்துக் கேள்வி. அந்த விடையில எத்தனை பேர் சேந்து இருந்தாங்க, அதான் இப்பத்தைய கேள்வி. நாப்பத்தோரு பேர் ஒரு எடத்துக்கு வந்து சேந்திருக்காங்க. நீ மட்டும் இன்னும் வரல. நாங்க உனக்காகக் காத்திருக்கோம், அவ்வளவுதான்.”

காத்திருப்பதற்கு ஒரு படிவம் வைத்திருந்தார்கள். ‘எழுபத்தைந்தை நோக்கி என் பயணம்’ என்று தலைப்பு. ஒரே பக்கம். குழுவிடமிருந்து சரியான விடையைக் கற்றேன், என் பிடிவாதத்தை இனம் கண்டேன் என்று எழுதி, அடியில் என் கையெழுத்துக்குக் கோடு. வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டால் பாடத்தில் தேர்ச்சி. திங்கட்கிழமை வார்டு.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன். டெல்லா ஆன்டி போனில் கத்தினார்.

“கண்ணு, பைத்தியமா ஒனக்கு? காகிதத்துலதானே போடச் சொல்றாங்க, புள்ள வாயிலயா ஊத்தச் சொல்றாங்க? போட்டுட்டு வார்டுக்குப் போயி ஏழரை ஊத்து. எவன் கேப்பான்?”

அதுவே நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை காலை பேனாவோடு கல்லூரிக்குப் போனேன். வாசலில் முதல் வருடப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு கழுத்து அட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்க பதினோரு மாதமாகும். இந்த அட்டை மூன்று நாளில் வந்துவிட்டது. நீல நிறம், ஓரத்தில் சிரிக்கிற சூரியன். ‘குழுவால் உறுதிசெய்யப்பட்ட விடைகள்’ என்று எழுதி, கீழே பத்து வரி. நான்காவது வரி: பன்னிரண்டு கிலோ, எழுபத்தைந்து மில்லி. ஒரு பெண் அதை மாட்டிக்கொண்டு, மத்தியானம் முதன்முதலாக வார்டுக்குப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். கணக்கு எப்படி வருகிறது தெரியுமா என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்த வருடம், இந்த வருடம் உணர்ச்சி மட்டும்தான் என்றாள்.

டெல்லா ஆன்டிக்கு போன் போட்டு வாசலுக்கு வரச் சொன்னேன். வந்தார், அட்டையைப் படித்தார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். முதல் வருடத்துக் கழுத்துகளை அவர் பார்த்துக்கொள்வதாகவும் நான் மேலே போகலாமென்றும் சொன்னார்.

போகிற வழியில் செய்முறைக் கூடத்தில் நுழைந்து ஒரு வெற்று மருந்து சார்ட் எடுத்துக்கொண்டேன். படுக்கையின் கால்மாட்டில் தொங்குமே, அது. மெய்சி என்று ஒரு பெயர் எழுதினேன். வயது இரண்டு, எடை பன்னிரண்டு, பாராசிட்டமால் சிரப், எழுபத்தைந்து மில்லி. குழந்தைக்கு மருந்து என்றால் கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் அந்த சார்ட்டில் தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பாட்டில் மூடி திறக்கும். பாடம் நடத்தாத எங்கள் கல்லூரிகூட முதல் வாரமே சொல்லிவிடுகிற விஷயம் அது.

ஆட்சேபக் குழு கேக் வாங்கி வைத்திருந்தது. பிப் என் உள்மனத்து வானிலையைக் கேட்டார். தெளிவாக இருக்கிறது என்றேன். மகிழ்ந்தார்கள். என் படிவத்தை மேசைமேல் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தேன்.

“நான் போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க இதுல போடுங்க. ரெண்டு பேர் போதும். நீங்க அஞ்சு பேர் இருக்கீங்க.”

சார்ட்டை ரஸ்ஸலிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். இது பயிற்சிக்கான காகிதம்தானே என்று கேட்டார். ஆமாம், இப்படி ஒரு குழந்தையே இல்லை என்றேன். அப்படியும் அவர் அதைப் பிப் பக்கம் தள்ளினார். தன் நர்ஸ் பதிவு போன வருடமே காலாவதியாகிவிட்டது என்று பிப் தள்ளினார். அடுத்தவர் தான் மனநலத் துறை என்றார். அதற்கடுத்தவர் கேக் வெட்ட எழுந்தார். சார்ட் வார்விக்கிடம் போய் நின்றது. அவர் பேனாவை எடுத்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே வைத்தார். பேனா மேசையில் உருண்டது.

“இதுல போட முடியாதும்மா.”

“ஏன்? குழு அங்கதானே நிக்குது?”

“இதுல என் பேர் இருக்கே.”

பிறகு ரஸ்ஸலுக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்சேபக் குழு என்று பொதுவாகப் போடலாமா என்றார். குழுவுக்கு சார்ட்டில் கட்டம் இல்லை என்றேன். அதைக் கேட்டு அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். இத்தனை காலமாக நம் மருந்து சார்ட் இவ்வளவு தனிமையில் இருந்திருக்கிறதே என்று சொல்லி, சார்ட்டைத் திருத்தி அமைக்க ஒரு துணைக்குழுவை அங்கேயே நியமித்தார். பிப் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது.

“அப்ப நானும் போடல” என்று சொல்லிவிட்டுப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னால், கோபத்தை நான் இன்னும் எவ்வளவு தூரம் கையாளப் பழக வேண்டும் என்று அவர்கள் அக்கறையோடு பேசிக்கொள்வது கேட்டது.

கீழே டெல்லா ஆன்டி ஐம்பத்தெட்டு அட்டைகளை அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார். என்னைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. எனக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே பட்டியல் வந்தது. மொஃபாட், டீகன்: பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தைகள் வார்டு: ப்ரெண்டிஸ், ஹேமிஷ். அப்பாவிடம் சொன்னேன். அவர் மொத்தக் கதையையும் கேட்டுவிட்டு, ஆலையில் திங்கட்கிழமை பொட்டலம் கட்டுகிற பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். வேறென்ன சொல்வார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஆலையின் தேநீர் இடைவேளையில், தலையில் வலையும் காலில் ரப்பர் பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ஹேமிஷ். குரலை அடக்கிப் பேசினான்.

“டீக்ஸ், இங்க ஒரு சின்னப் பொண்ணு. காய்ச்சல். பன்னெண்டு கிலோவாம். சிஸ்டர் ரோமா எத்தனை மில்லின்னு என்னைக் கணக்குப் போடச் சொல்லிட்டு, சார்ட்டைக் கையில குடுத்துட்டு எதிர்லயே நிக்கறாங்க. என் கழுத்துல பிப் மாட்டிவிட்ட அந்த நீல அட்டை இருக்கு. எழுபத்தஞ்சுன்னு இருக்கு.”

“அப்ப எழுது.”

“எழுத வரல.”

“என்ன தோணுது உனக்கு? மெல்லிய வெயிலா?”

தூரத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது.

“பயமா இருக்கு டீக்ஸ். கீழ என் பேர் எழுதணும்ங்கறாங்க.”

மூன்று வருடத்தில் அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவசரப்படுத்தாமல், கிலோவைப் பதினைந்தால் பெருக்கச் சொன்னேன். பெருக்கினான். இருபத்துநான்கால் வகுக்கச் சொன்னேன். மெதுவாக, உதடு அசைவது கேட்கிற மாதிரி, வகுத்தான். ஏழரை வந்தது. இன்னொரு தடவை போடு என்றேன். மறுபடியும் ஏழரை வந்தது. எழுதிக் கையெழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

எங்கள் கல்லூரியில் அந்த வருடம் நடந்த ஒரே பாடம் அதுதான். நடத்தினது நான். மதிப்பெண் ஹேமிஷுக்குப் போனது.